ஒட்டுவில்லின் மரத்தகடுகள்

வில் வளையும்போது அதன் இரண்டு முகங்களும் எதிரெதிர் வேலை பார்க்கின்றன. இலக்கைப் பார்த்திருக்கும் முகம் நீளவாக்கில் இழுபடுகிறது. இது வில்லின் முதுகு. வில்லாளியைப் பார்த்திருக்கும் முகம் நெருக்குண்டு நசுங்குகிறது, இது வயிறு. இரண்டுக்கும் நடுவே, இழுபடாமலும் நசுங்காமலும் ஓர் அடுக்கு இருந்துவிடுகிறது. ஒரே கட்டையில் செதுக்கிய வில்லில் ஒரே மரம்தான் இரண்டு வேலையையும் செய்தாக வேண்டும். இரண்டிலும் கெட்டியான மரம் எளிதில் அகப்படுவதில்லை. முதுகுக்கு ஒன்று, வயிற்றுக்கு ஒன்று, நடுவுக்கு ஒன்று என மரங்களைத் தேர்ந்து, மெல்லிய தகடுகளாக அறுத்து இழைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி வில் செய்யும் முறை இந்தத் தேவையிலிருந்து பிறந்தது. லேமினேட்டட் வில் என்ற பெயரில் இன்று விற்பனையாகும் கைவினை விற்கள் எல்லாம் இந்த வழி வந்தவையே.

உலர்ந்த மரம் நார்வாக்கில் எவ்வளவு இழுவையைத் தாங்குகிறதோ, அதில் ஏறத்தாழப் பாதி அமுக்கத்தைத்தான் தாங்கும். அதனால் பெரும்பாலான மர விற்களில் முதலில் களைத்துப்போவது வயிறுதான். அங்கே நார்கள் நசுங்கி மடியும்போது, குறுக்குவாக்கில் மயிரிழை போன்ற கோடுகள் விழும். விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தால் அவை தெரியும். நகத்தால் வருடினால் மெல்லிய தடையாகத் தட்டுப்படும். அப்படிக் கோடு விழுந்த வில் உடனே முறியாது. ஆனால் அந்த இடத்தில் மட்டும் அதிகமாக வளையத் தொடங்கி, நாளாக ஆகத் தளர்ந்துபோகும். முதுகு விட்டுக்கொடுப்பது வேறு மாதிரி. ஆண்டு வளையம் அறுபட்ட இடத்திலோ கணுவின் ஓரத்திலோ ஒரு சிராய் கிளம்பும். அடுத்த இழுப்பில் வில் இரண்டு துண்டு.

இங்கிலாந்தின் நெடுவில்லுக்குப் பயன்பட்ட யூ மரத்தில் இயற்கையே இந்த அடுக்கைச் செய்து வைத்திருக்கிறது. பட்டையை ஒட்டிய வெளிர்நிற வெளிமரம் இழுவையை நன்றாகத் தாங்கும். உள்ளே இருக்கும் செந்நிற வைரப்பகுதி அமுக்கத்தைத் தாங்கும். இரண்டும் சேரும் இடத்தைப் பார்த்து அறுத்தெடுத்தால், ஒட்டு வேலை இல்லாமலே இரண்டடுக்கு வில் கிடைத்துவிடுகிறது. 1545இல் போர்ட்ஸ்மத் அருகே மூழ்கி 1982இல் மேலே தூக்கப்பட்ட மேரி ரோஸ் கப்பலிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட யூ நெடுவிற்கள் கிடைத்தன. அந்த மரம் வளராத இடங்களில் இருந்தவர்கள் அடுக்கைத் தாங்களே உருவாக்க வேண்டியிருந்தது. ஸ்காண்டிநேவியாவின் வடகோடியில் வாழும் சாமி மக்களும், சைபீரியாவின் மேற்குப் பகுதியில் வாழும் கான்டி மக்களும் பிர்ச் மரத்தை முதுகாகவும் ஊசியிலை மரத்தை வயிறாகவும் வைத்து ஒட்டினார்கள். எந்த ஊசியிலை மரமும் ஆகாது. சாய்ந்து வளர்ந்த மரத்தின் அடிப்பக்கத்திலிருந்து எடுத்ததாக இருக்க வேண்டும். மரத்தின் பாரம் முழுவதையும் ஆண்டுக்கணக்கில் சுமந்த அந்தப் பக்கம், அமுக்கத்தைத் தாங்குவதற்கென்றே கருத்து இறுகியிருக்கும். ஒட்டுவதற்கு மீன்தோலைக் காய்ச்சிய பசை. ஈரம் புகாமலிருக்க மேலே பிர்ச் மரப்பட்டையைச் சுற்றிவிடுவார்கள். காட்டில் மரத்தைப் பார்த்து நடக்கும்போதே வில்லின் எந்த அடுக்குக்கு எந்த மரம் என்று தீர்மானித்த அறிவு அது.

மத்திய ஆசியாவிலும் துருக்கியிலும் அடுக்கு இன்னும் துணிச்சலானது. நடுவில் மரம், வயிற்றில் விலங்கின் கொம்பு, முதுகில் தசைநார் என்று போனார்கள். அது தனிக் கதை. மரத்தையும் மூங்கிலையும் மட்டுமே வைத்து ஒட்டுவில்லை அதன் உச்சிக்குக் கொண்டுபோனவர்கள் ஜப்பானியர்கள்.

ஜப்பானிய யூமி வில் ஆரம்பத்தில் ஒரே மரத்தில் செதுக்கப்பட்டதுதான். ஹேயன் காலத்தின் பிற்பகுதியில் முதுகில் ஒரு மூங்கில் தகடு ஏறியது. பிறகு வயிற்றிலும் மூங்கில் வந்து, நடுவில் மரமும் இருபுறம் மூங்கிலுமாக மூன்றடுக்கு ஆயிற்று. அடுத்த கட்டத்தில் மரத்தின் நான்கு பக்கங்களையும் மூங்கில் சூழ்ந்தது. எடோ காலத்தில் நிலைபெற்ற ஹிகோ யூமியில் நடுப்பகுதியும் பிளக்கப்பட்டு, மூங்கில் கீற்றுகள் செங்குத்தாக நிறுத்தி ஒட்டப்பட்டன. அவற்றின் இருபக்கமும் ஹஸே எனும் மெழுகு மரத்தின் சட்டங்கள். மேலும் கீழும் அகலமான மூங்கில் தகடுகள். வில்லின் குறுக்குவெட்டைப் பார்த்தால் செங்கல் சுவரின் வெட்டுத் தோற்றம் தெரியும். நடுக்கீற்றுகளை நெருப்பில் வாட்டிக் கருக்கிவிடுவது வழக்கம். வெப்பத்தில் மூங்கிலின் ஈரம் போய் அது விறைப்பாகிறது.

கியூஷூ தீவில் மியாசாகி மாகாணத்தில் உள்ள மியாகோனோஜோ ஊர் இந்த வில்லுக்குப் பேர்போனது. ஜப்பானில் செய்யப்படும் மூங்கில் விற்களில் பெரும்பகுதி அங்கிருந்துதான் வருகிறது. 1994இல் அந்த ஊரின் வில் அந்நாட்டு அரசின் மரபுக் கைத்தொழில் பட்டியலில் சேர்க்கப்பட்டது. வில்லின் வழக்கமான நீளம் 221 செ.மீ.; கைப்பிடி நடுவில் இல்லாமல் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் இருக்கும். தகடுகளுக்குப் பசை தடவியதும் வில் முழுவதையும் கயிற்றால் வரிந்து சுற்றுகிறார்கள். அந்தக் கயிற்றுக்கும் மூங்கிலுக்கும் இடையே சிறு சிறு மூங்கில் ஆப்புகளை, ஏறத்தாழ நூறு ஆப்புகளை, வரிசையாக அடித்து இறக்குகிறார்கள். ஆப்பு இறங்க இறங்கக் கயிறு இறுகுகிறது, தகடுகள் நெருங்குகின்றன, கைவினைஞர் அடித்துக்கொண்டே வில்லை நாணுக்கு எதிர்த்திசையில் வளைத்து வடிவத்துக்குக் கொண்டுவருகிறார். அச்சு கிடையாது, கிளாம்ப் கிடையாது, கண்ணும் சுத்தியலும்தான். பசை இறுகுவதற்குள் எல்லாம் முடிய வேண்டும். மான்தோலைக் காய்ச்சி எடுக்கும் நிபே என்ற பசை அங்கே மரபு. தமிழ்நாட்டுத் தச்சர்கள் ஒரு காலத்தில் சூடாக்கிப் பயன்படுத்திய வச்சிரப் பசைக்கு அது நெருங்கிய உறவு. நன்கு பிடிக்கும், அடுக்குகளோடு சேர்ந்து வளைந்துகொடுக்கும். ஆனால் ஈரமும் வெக்கையும் ஆகாது. அதனால் நிபே பசையிட்ட வில்லை மழைக்காலத்தில் கவனமாக வைத்துக்கொள்ள வேண்டும். செயற்கைப் பசை வந்தபின் பெரும்பாலான விற்கள் அதற்கு மாறிவிட்டன.

ஐரோப்பாவில் நிலைமை வேறு. துப்பாக்கி வந்து போர்க்களத்திலிருந்து வில் விலகியபின், 1781இல் லண்டனில் தொடங்கிய டாக்ஸோஃபிலைட் சங்கம் போன்றவற்றால் அது கனவான்களின் விளையாட்டாக மறுபடி எழுந்தது. நல்ல யூ மரம் அதற்குள் அருகிவிட்டிருந்தது. முதுகில் ஹிக்கரித் தகடும் வயிற்றில் வேறு கடினமரமுமாக ஒட்டிய விற்கள் அப்போது பரவின. ஆனாலும் அவற்றின் வயிறு பழைய நெடுவில்லைப் போலவே உருண்டிருந்தது. அந்த உருட்சியைக் கேள்வி கேட்டவர்கள் அமெரிக்க இயற்பியலாளர்கள். கிளாரன்ஸ் ஹிக்மன், பால் கிளாப்ஸ்டெக் முதலியோர் 1930களில் வில்லின் இயக்கத்தை அளந்து ஆராய்ந்தார்கள்; அவர்களுடைய கட்டுரைகள் 1947இல் நூலாகவும் வந்தன. உருண்ட வயிற்றில் நடுமுகடு மட்டும் மிகையாக நசுங்குகிறது, மற்ற மரம் சும்மா பாரமாக இருக்கிறது. தட்டையான செவ்வக வெட்டுதான் மரத்தை முழுதாக வேலை வாங்கும் என்பது அவர்கள் முடிவு. இது தகடு ஒட்டும் தொழிலுக்கு வாய்த்த பெரிய திருப்பம். வில்லின் கை, அதாவது கைப்பிடிக்கு மேலும் கீழும் வளையும் பகுதி, தட்டை என்றான பிறகு, அதைத் தட்டையான தகடுகளால் கட்டுவதற்கு ஒரு தடையும் இல்லை.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் கண்ணாடியிழை வந்தது. மிச்சிகன் மாநிலத்தின் கிரேலிங் ஊரில் தொழிற்சாலை வைத்திருந்த ஃப்ரெட் பேர், எல்லா இழைகளும் ஒரே திசையில் ஓடும் கண்ணாடியிழைத் தகடுகளை முதுகிலும் வயிற்றிலும் ஒட்டி விற்களைப் பெருமளவில் உற்பத்தி செய்தார். கண்ணாடியிழைத் தகடு மேப்பிள் மரத்தைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு விறைப்பு உடையது. 1 மி.மீ.க்குச் சற்றுக் கூடுதலான தடிப்பிலேயே அது முதுகின் இழுவையையும் வயிற்றின் அமுக்கத்தையும் ஏற்றுக்கொள்கிறது. உள்ளே இருக்கும் மரத்தின் வேலை மாறிப்போனது. இரண்டு கண்ணாடியிழைத் தகடுகளையும் சரியான தூரத்தில் விலக்கி வைப்பது, அவை ஒன்றோடொன்று வழுக்காமல் பிடித்துக்கொள்வது, எடை கூடாமல் இருப்பது ஆகியவைதான் அதற்கு மிச்சம். 1938இல் வெளியான ராபின் ஹுட் திரைப்படத்துக்கு அம்பு எய்துகொடுத்த ஹோவர்ட் ஹில் மட்டும் உள்தகட்டுக்கு மூங்கிலையே விரும்பினார். அவர் பெயரால் அறியப்படும் நெடுவில் வகையில் இன்றும் மூங்கில்தான் நடுவில் இருக்கிறது.

தகடுகளை ஏன் ஒட்ட வேண்டும், அடுக்கிக் கட்டினால் போதாதா என்பதற்குக் கணக்கு இருக்கிறது. சீட்டுக்கட்டை வளைத்தால் சீட்டுகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு எளிதாக வளைந்துவிடும். அதே சீட்டுகளை ஒட்டிவிட்டால் கட்டு மரக்கட்டையாகிவிடும். வளைவுக்கு எதிரான விறைப்பு தடிப்பின் முப்படியைப் பொறுத்தது. 4 மி.மீ. தகடுகள் மூன்றை ஒட்டாமல் அடுக்கினால் கிடைப்பது ஒரு தகட்டின் விறைப்பைப் போல 3 மடங்கு. ஒட்டினால் 27 மடங்கு. இந்த ஒன்பது மடங்கு வித்தியாசம் முழுவதையும் தாங்கி நிற்பது பசை. தகடுகளை வழுக்கச் செய்யும் விசை வில்லின் கையில் நடு அடுக்கில்தான் உச்சமாக இருக்கும். நடுத்தகட்டின் மரம் சொத்தையாக இருந்தாலும், நடுப்பசைக்கோடு பலவீனமாக இருந்தாலும் வில் அங்கேதான் பிளக்கும்.

அதே முப்படிக் கணக்குதான் தகடு செய்பவரைப் பாடாய்ப் படுத்துவதும். வில்லின் கை அகலத்தில் 2 சதவீதம் கூடினால் விறைப்பும் 2 சதவீதம்தான் கூடும். தடிப்பு அப்படியல்ல. 15 மி.மீ. தடிப்புள்ள ஒரு முழுமர வில்லின் கையில் அரை மி.மீ. கூடிப்போனால் விறைப்பு 10 சதவீதம் ஏறிவிடும். வில்லின் வலுவை உலகெங்கும் பவுண்டில்தான் சொல்கிறார்கள். நாணை 28 அங்குலம் இழுத்து நிறுத்தத் தேவைப்படும் விசை அது. 50 பவுண்டு வேண்டும் என்று கேட்டவருக்கு 55 பவுண்டு வில் வந்து சேரும். அரை மி.மீ. என்பது நான்கைந்து காகிதத்தின் தடிப்பு.

வேலை மரம் பார்ப்பதில் தொடங்குகிறது. முழுமர ஒட்டுவில்லில் முதுகுக்கு ஹிக்கரி அல்லது மூங்கில் என்பது பெரும்பாலும் முடிவான விஷயம். இழுவையில் இரண்டும் கெட்டி. வயிற்றுக்கு யூ, டெக்சாஸ் பக்கத்து ஓசேஜ் ஆரஞ்சு, தென்னமெரிக்காவின் இப்பே போன்றவை. இப்பே மிகக் கனமானது, நீரில் மூழ்கக்கூடியது. அமுக்கத்தை அபாரமாகத் தாங்கும். கனமரத்தை நுனிவரை தடிப்பாக விட முடியாது என்பதால் அந்த வில்லின் கை ஒடுங்கலாகவே இருக்கும். கண்ணாடியிழை வில்லின் நடுத்தகட்டுக்கு மேப்பிள், செவ்வெல்ம், ஆஷ், மூங்கில், யூ என்று பட்டியல் நீள்கிறது. நடுமரம் எது என்பதை வைத்து வில்லின் வேகத்தை வர்ணிக்கும் விளம்பரங்களுக்குப் பஞ்சமில்லை. நேரான நாரும் சீரான அடர்த்தியும் உள்ள மரம் எதுவும் நடுவில் நன்றாகவே உழைக்கும் என்பதுதான் நடைமுறை உண்மை. மரத்தை மாற்றிப் பெறும் வேகத்தைவிட, வில்லின் நுனியில் சில கிராம் எடை குறைத்துப் பெறும் வேகம் பெரிது.

நார் ஓட்டத்தில் மட்டும் சமரசம் கிடையாது. பலகையின் ஒரு முனையில் தொடங்கும் நார் மறுமுனைவரை தகட்டுக்குள்ளேயே ஓட வேண்டும். நடுவழியில் அது தகட்டின் முகத்தைவிட்டு வெளியேறினால், வளையும்போது அந்த இடத்தில் சிம்பு கிளம்பும். பலகையின் அகல முகத்தைப் பார்த்தால் மட்டும் போதாது. பக்க முகத்தில் தெரியும் கோடுகள்தான் நார் மேலேறுகிறதா கீழிறங்குகிறதா என்பதைச் சொல்லும். கணு, சுழி, பூச்சி துளைத்த இடம் எல்லாம் கழிவு. நல்ல பலகையிலிருந்தே பாதிதான் தேறும் என்று கணக்குப் போட்டுக்கொள்வது நல்லது.

அடுத்தது உலர்த்தல். தகடாகப் போகும் மரத்தில் ஈரம் 6 முதல் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் இருந்தால் வில் வளைந்தபடியே தங்கிவிடும், நாணைக் கழற்றினாலும் நேராகாது. ரொம்பக் காய்ந்துபோனால் மொறுமொறுப்பாகி முறியும். ஒரே வில்லுக்கான தகடுகள் எல்லாம் ஒரே ஈரத்தில் இருப்பதும் முக்கியம். இல்லாவிட்டால் ஒட்டிய பிறகு ஒன்று சுருங்கி மற்றொன்று சுருங்காமல் பசைக்கோட்டில் இழுபறி தொடங்கும். அறுத்த தகடுகளைச் சில வாரங்களாவது பட்டறையின் காற்றிலேயே அடுக்கி வைத்திருப்பது இதற்காகத்தான்.

அறுப்பதற்குப் பட்டை ரம்பம் உகந்தது. வட்ட ரம்பம் ஒவ்வொரு வெட்டிலும் 3 மி.மீ. மரத்தைத் தூளாக்கும், பட்டை ரம்பத்தில் சேதம் 1 மி.மீ. அளவுதான். தகடே 2 முதல் 4 மி.மீ. என்னும்போது, வட்ட ரம்பத்தில் அறுத்தால் பாதி மரம் குப்பைக்குப் போகும். பலகையிலிருந்து அடுத்தடுத்து வெட்டிய இரண்டு தகடுகள் ஒரு சோடி. மேல்கைக்கு ஒன்று, கீழ்க்கைக்கு ஒன்று. இரண்டும் ஒரே மரத்தின் ஒட்டிய பகுதிகள் என்பதால் ஒரே மாதிரி வளையும். வெட்டியதும் பென்சிலால் எண்ணும் திசைக்குறியும் போட்டுவைக்க மறந்தால், இழைத்த பிறகு எந்தத் தகடு எதன் சோடி என்று கண்டுபிடிப்பது பெரும்பாடு.

மூங்கிலுக்கு வேறு நடைமுறை. மூங்கிலின் வலுவான நார்க்கற்றைகள் வெளித்தோலை ஒட்டி நெருக்கமாக இருக்கும்; உள்ளே போகப் போக அவை குறைந்து மென்மையான சோறு பெருகும். ஆகவே முதுகுத் தகடாகும் மூங்கிலில் வெளிப்பக்கத்தை ஏறக்குறையத் தொடுவதே இல்லை. மேல் பளபளப்பை மட்டும் சுரண்டிவிட்டு, கணுக்களின் மேட்டை மெல்லத் தேய்த்து, அதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். இழைப்பு எல்லாம் உட்பக்கத்தில்தான். பிளந்த மூங்கில் வளைந்திருப்பதால், உட்பக்கத்தைத் தட்டையாக இழைத்ததும் தகட்டின் குறுக்குவெட்டு நடுவில் தடித்து ஓரங்களில் கத்திபோல் மெலிந்து நிற்கும். 4 செ.மீ. அகலமுள்ள தகடு வேண்டுமென்றால் நல்ல பருத்த மூங்கில் தேவை. ஒல்லியான மூங்கிலில் வளைவு அதிகம் என்பதால், ஓரம் மெலிந்து காணாமலே போய்விடும்.

தகடு இழைப்பதில் நுட்பம் அதிகமுள்ள கட்டம், அதற்கு மெலிவு கொடுப்பது. வில்லின் கையில் வளைக்கும் விசை கைப்பிடி அருகே மிக அதிகம்; நுனியில் ஒன்றுமில்லை. தகடு முழுதும் ஒரே தடிப்பாக இருந்தால் கைப்பிடியை ஒட்டிய பகுதி மட்டும் வளைந்து மாய, நுனி விறைத்துக்கொண்டு வெறும் பாரமாக ஆடும். நாணை விட்டதும் மிக வேகமாக நகர வேண்டியது நுனிதான். அங்கே மரம் மிஞ்சியிருந்தால், அம்புக்குப் போக வேண்டிய ஆற்றலை அது தின்றுவிடும். அதனால் தகடு கைப்பிடியிலிருந்து நுனிக்குப் போகப் போக மெலிய வேண்டும். மேலைநாட்டுப் பட்டறைகளில் இதை அங்குலத்துக்கு ஆயிரத்தில் இத்தனை பங்கு என்று சொல்கிறார்கள். அங்குலத்துக்கு ஆயிரத்தில் 2 பங்கு என்பது பரவலாகப் பயன்படும் மெலிவு. 36 அங்குலத் தகட்டில் இது மொத்தம் 1.8 மி.மீ. வித்தியாசம். இப்படி இரண்டு தகடுகளைச் சேர்த்தால் மெலிவும் இரட்டிக்கும். ஒன்றை மெலிவுத் தகடாகவும் மற்றதைச் சமத் தகடாகவும் வைத்தால் பாதியாகும். இந்தக் கூட்டல் கழித்தலில்தான் வில்லின் சுபாவம் அமைகிறது. மெலிவு மிஞ்சினால் நுனி சாட்டைபோல் துவளும்; இழுக்க இழுக்க வில் திடீரென்று பாரமாகும்.

இவ்வளவு சின்ன மெலிவை இழைப்புளியால் கொண்டுவர முடியும். முற்காலத்தில் அப்படித்தான் செய்தார்கள். இப்போது பெரும்பாலும் உப்புத்தாள் சுற்றிய உருளை மோட்டாரில் சுழல, அதற்கும் ஒரு தடுப்புப் பலகைக்கும் இடையே தகட்டைத் தள்ளுகிறார்கள். மெலிவு கொடுக்க, தகட்டுக்குக் கீழே ஒரு தாங்குபலகை போகிறது. அதுவே ஒரு முனையில் தடித்து மறுமுனையில் மெலிந்தது. உருளைக்கும் தடுப்புக்கும் இடைவெளி மாறுவதில்லை; தாங்குபலகை எங்கே தடித்திருக்கிறதோ அங்கே தகடு மெலிகிறது. தாங்குபலகையில் உள்ள ஒவ்வொரு மேடு பள்ளமும் தலைகீழாகத் தகட்டில் பதிந்துவிடும். ஒரு பட்டறையின் உண்மையான சொத்து அதன் தாங்குபலகைகள்தான். உருளையைக் கடையில் வாங்கிக்கொள்ளலாம்.

ஒரு தடவைக்குக் கால் மி.மீ.க்கும் குறைவாகவே தேய்க்க வேண்டும். ஆசைப்பட்டு அதிகம் கொடுத்தால் உப்புத்தாள் அடைத்துக்கொண்டு மரம் கருகும். கருகிய இடம் கண்ணாடிபோல் இறுகிவிடுவதால் பசை அதில் பிடிக்காது. உருளைக்குள் நுழையும் முனையும் வெளியேறும் முனையும் சற்றே ஆழமாகத் தேய்வது எல்லா எந்திரத்திலும் உள்ள தொல்லை. அதற்காகத் தகட்டை 5 செ.மீ. நீளமாகவே விட்டுவைத்து, கடைசியில் முனைகளை வெட்டித் தள்ளுகிறார்கள். தகட்டின் முகத்தில் பென்சிலால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் கிறுக்கிவிட்டுத் தேய்ப்பது எளிய சோதனை. கோடுகள் எங்கும் ஒரே சமயத்தில் மறைந்தால் முகம் சமம். ஓர் ஓரத்தில் மட்டும் கோடு மிச்சமிருந்தால் உருளையும் தடுப்பும் இணையாக இல்லை என்று பொருள். அப்படி ஓரத்துக்கு ஓரம் தடிப்பு மாறிய தகடு, ஒட்டிய பிறகு வில்லின் கையைத் திருகச் செய்யும். தடிப்பை வெர்னியர் காலிபரால் ஆறு அங்குலத்துக்கு ஓரிடம் வீதம், இரண்டு ஓரங்களிலும் அளந்து தகட்டிலேயே எழுதிவைப்பது நல்ல பட்டறைகளின் பழக்கம்.

தூசு விஷயத்தில் அலட்சியம் கூடாது. கடினமரத் தூள் மூக்குப் பகுதியில் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்பது மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்டது. யூ மரம் நச்சு மரம். முகக்கவசமும் தூசு உறிஞ்சியும் இல்லாமல் தகடு தேய்க்கக் கூடாது.

ஒட்டுவதற்கு முன் ஒத்திகை பார்க்கிறார்கள். இரண்டு தகடுகளை முகத்தோடு முகம் சேர்த்து விரலால் அழுத்தி, விளக்குக்கு எதிரே பிடித்தால், இடையே வெளிச்சம் கசியும் இடத்தில் பசைக்கோடு தடிக்கும். பழைய தச்சர்கள் ஒட்டும் முகத்தைப் பல் வைத்த இழைப்புளியால் கீறிவிடுவார்கள். கீறலில் பசை வேர்விடும் என்பது நம்பிக்கை. பசை பிடிப்பதற்குக் கீறல் காரணமில்லை. புதிதாக இழைத்த, சுத்தமான, நெருங்கிப் பொருந்தும் முகம்தான் காரணம். இன்றைய வில் தச்சர்கள் 60 அல்லது 80 எண் உப்புத்தாள் விட்ட முகத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். இப்பே போன்ற எண்ணெய்ப்பசை உள்ள மரத்தை அசிட்டோனால் துடைத்து, துடைத்த கையோடு ஒட்டிவிட வேண்டும். வைத்திருந்தால் உள்ளிருக்கும் எண்ணெய் மறுபடி மேலே வந்துவிடும். துடைத்த முகத்தில் வெறும் விரல்கூடப் படக் கூடாது.

பசைக்கு இப்போது எபாக்ஸிதான் பெருவழக்கு. இரண்டு திரவங்களைச் சரியான அளவில் கலந்து, ஒட்டும் முகம் இரண்டிலும் தடவுகிறார்கள். ஒட்டுப்பலகையில் வெட்டிய அச்சின்மேல் கண்ணாடியிழை, மரத்தகடுகள், கைப்பிடிப் பகுதியில் ஆப்பு வடிவத் துண்டுகள், மறுபடி கண்ணாடியிழை என்று வரிசையாக அடுக்கி, மேல் அச்சை வைத்து மூடுகிறார்கள். அழுத்தத்துக்குப் பலர் பயன்படுத்துவது தீயணைப்புக் குழாய். இரண்டு அச்சுகளுக்கும் இடையே காலியாகக் கிடக்கும் குழாயில் காற்றடித்ததும் அது புடைத்து, அடுக்கின் நீளம் முழுவதையும் ஒரே சீராக அமுக்கும். சின்னப் பட்டறைகளில் லாரி டியூப்பை நீள நீளப் பட்டையாகக் கத்தரித்து இறுக்கிச் சுற்றுவதும் உண்டு. எபாக்ஸியில் அழுத்தம் மிஞ்சுவதும் ஆபத்துதான். பசை முழுதும் வெளியே பிதுங்கிவிட்டால் இடையில் பிடிப்பதற்கு ஒன்றும் இருக்காது. ஓரத்தில் சீரான மணிகளாகப் பசை கசிந்து நின்றால் அழுத்தம் சரி.

அச்சில் எந்த வளைவில் தகடுகள் ஒட்டப்படுகின்றனவோ, ஏறக்குறைய அந்த வளைவில் அவை நின்றுவிடுகின்றன. தனித்தனியே சுலபமாக வளைந்த தகடுகள், ஒட்டியபின் வழுக்க முடியாமல் ஒன்றையொன்று பூட்டிக்கொள்கின்றன. வில்லின் நுனி நாணுக்கு எதிர்த்திசையில் திரும்பியிருக்கும் வடிவங்களை ஆவியோ நெருப்போ காட்டாமல் செய்ய முடிவது இதனால்தான். தகடுகளின் எண்ணிக்கை கூடக் கூட, அச்சைவிட்டு எடுத்ததும் வளைவு பின்வாங்குவது குறையும். ஆனால் ஒவ்வொரு தகடும் ஒரு பசைக்கோட்டைக் கூட்டுகிறது. பசை மரத்தைவிடக் கனம். நான்கைந்து தகடுகளோடு நிறுத்துவதே சரி.

பிறகு அச்சோடு சேர்த்து வில்லை ஒரு சூட்டுப்பெட்டிக்குள் வைக்கிறார்கள். மரப்பலகையால் அடித்து உள்ளே பல்புகள் பொருத்திய பெட்டிதான். 65 முதல் 80 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சில மணி நேரம் இருந்தால் எபாக்ஸி முழுதாக இறுகும். வெறும் அறை வெப்பத்திலும் அது இறுகத்தான் செய்யும். ஆனால் அப்படி இறுகிய பசை பின்னாளில் சூட்டில் இளகும். வெயிலில் நிறுத்திய காருக்குள் வைத்துவிட்டுப்போன வில் தகடு தகடாகப் பிரிந்து கிடப்பதற்குக் காரணம் பெரும்பாலும் இதுவே. பெட்டியை அணைத்ததும் வில்லை வெளியே இழுக்கக் கூடாது. உள்ளேயே ஆறவிட வேண்டும்.

ஆறிய அடுக்கைப் பிரித்தெடுத்து, பிதுங்கிய பசையைத் தேய்த்து, கையின் அகலத்தை நுனிநோக்கி ஒடுக்கி வெட்டி, நாண் மாட்டி, சிறிது சிறிதாக இழுத்து இரண்டு கைகளும் ஒத்து வளைகின்றனவா என்று பார்ப்பது மீதி வேலை. முழுமர வில்லில் இந்தக் கட்டத்திலும் வயிற்றைச் சுரண்டி வலுவைக் குறைக்கலாம், வளைவைச் சீராக்கலாம். கண்ணாடியிழை வில்லில் அந்த வசதி கிடையாது. மேல்தகட்டைச் சுரண்டினால் இழைகள் அறுபடும். அகலத்தை மட்டுமே குறைக்கலாம், அதிலும் கை ஒடுங்கினால் திருகத் தொடங்கும் என்பதால் சில பவுண்டுகளுக்கு மேல் இறக்க முடியாது. தகடு மெல்லியதாகி வலு குறைந்துபோன வில்லுக்கோ பரிகாரமே இல்லை. அதனால் அனுபவமுள்ளவர்கள் தகட்டுக் கணக்கைச் சற்றுத் தடிப்பான பக்கமே வைத்துக்கொண்டு, மிஞ்சிய இரண்டு மூன்று பவுண்டைக் கையின் ஓரத்தில் தேய்த்து எடுக்கிறார்கள்.